வெள்ளிக்கிழமையின் ஆறு மணி நேரம்

மண்ணியல் துறை அலுவலகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இருபது மேடம்" என்று கேட்டால்தான் வாசல் காவலாளியிலிருந்து எல்லோருக்கும் தெரியும். புதிதாகச் சேருகிற உதவியாளர் ஒவ்வொருவரிடமும் அவள் முதலில் சொல்வது அதைத்தான். "வாரத்துக்கு இருபது மணி நேரம். இருபத்தொண்ணுன்னு எழுதினா உனக்குச் சம்பளம் வராது, எனக்குத் தூக்கம் வராது."

உதவியாளர் என்றால் வேறு யாருமில்லை, மேற்படிப்பு மாணவர்கள்தான். தங்கள் படிப்பையும் பார்த்துக்கொண்டு, கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்முறை சொல்லிக்கொடுத்து, விடைத்தாள் திருத்தி, ஆய்வகத்தில் மண் மாதிரிகளைச் சோதித்துக் கொடுக்கிறவர்கள். துறையில் நாற்பத்தாறு பேர். யார் எந்த நாளில் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று டைம்ஷீட்டில் ஏற்றி, கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை பத்து மணிக்குள் கணக்குப் பிரிவுக்கு அனுப்ப வேண்டியது அவள் வேலை. அந்தத் தாளை வைத்துத்தான் சம்பளம். நாலே முக்கால் மணி நேரத்தை ஐந்து என்று அவள் எழுதியதில்லை. நாலரை என்றும் எழுதியதில்லை.

வேலை இருபது மணி நேரம் பார்த்து வருவதில்லை என்பதுதான் தொல்லை. தேர்வு முடிந்த வாரத்தில் விடைத்தாள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். முப்பது மணி நேரம் உட்கார்ந்தாலும் முடியாது. விடுமுறை வாரத்தில் ஈ காக்கை இருக்காது. ஆனால் கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தெரியுமா? இருபதுக்கு மேல் ஒரு கால் மணி நேரம் ஏறினாலும் கட்டம் சிவந்துவிடும். அந்த மாதச் சம்பளம் முழுதும் நின்றுவிடும். விளக்கம் எழுதி, அது மேசை மேசையாக ஏறி இறங்கி வர இரண்டு மாதம் ஆகும். அதுவரை வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளை யாரிடம் போய்க் கை நீட்டுவது?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நெருக்கடி வாரத்தில் மிஞ்சுகிற மணிகளை எடுத்து, ஆள் வராத வாரத்தில் போட்டாள். தாளில் எல்லா வாரமும் இருபதுக்குள் அடங்கிவிடும். உண்மையில் யார் என்றைக்கு எவ்வளவு நேரம் உழைத்தார்கள் என்பதைத் தனியாக வருஷத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். எந்த மணி எந்த வாரத்துக்குப் போனது என்று பக்கத்திலேயே குறிப்பு இருக்கும். பதினொரு வருஷம் நாலு மாதத்தில் ஒரு பிள்ளைக்கும் அரை மணி நேரம் கூடத் தொலைந்ததில்லை, ஒருவருக்கும் அரை மணி நேரம் கூட ஓசியில் போனதுமில்லை. துறைத் தலைவராக இருந்த பேராசிரியருக்கும் இது தெரியும். ஒவ்வொரு பருவத்திலும் விடைத்தாள் கட்டோடு வந்து, "எப்படியாவது சரிபண்ணிடுங்க மேடம், நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போவார்.

வீட்டில் அவள் சின்னவள். அண்ணன் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு லிப்ட் பழுது பார்க்கிற வேலைக்குப் போனவன். அவள் பட்டம் வாங்கியதே அந்த வீட்டில் பெரிய சேதி. அதன்மேல் பல்கலைக்கழக வேலை என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தக் கட்டடத்தில் எந்த லிப்டுக்குள் ஏறினாலும், கூட நிற்கிறவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "என் தங்கச்சி கையெழுத்து விழுந்தாத்தான் அங்க நாப்பத்தாறு பேருக்குச் சம்பளம்" என்பான். "ரெண்டாவது மாடி வர்றதுக்குள்ள உங்க குடும்ப வரலாறே முடிஞ்சிடும்" என்று அண்ணி கிண்டல் செய்வாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேலையில்தான் அந்த வாரம் வந்தது.

வருஷக் கணக்கு முடிக்க வேண்டும், அதனால் இந்த வாரத் தாள்களை வியாழக்கிழமை நான்கு மணிக்கே அனுப்பிவிடுங்கள் என்று கணக்குப் பிரிவிலிருந்து தகவல் வந்தது. அன்று மூன்றரை மணிக்கு நெட்டையன் வந்து நின்றான். அவன் இரண்டாம் வருஷ உதவியாளன். ஆறடிக்கு மேல் உயரம், வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் அவள் அறைக்குள் நுழைந்ததே இல்லை.

"குனிஞ்சு வாடான்னு எத்தனை தடவ சொல்றது? நிலை பாவம்டா."

"நிலைக்கு ஒண்ணும் ஆகல மேடம், என் மண்டைதான் வீங்கியிருக்கு. இந்த வாரம் எனக்கு எவ்வளவு ஆச்சு?"

"இன்னிக்கு மத்தியானத்தோட இருபது. போய்ப் படு."

"எங்க படுக்கறது? நூத்திருபது மண் மாதிரி பாக்கி. புரொபசர் சார் நாளைக்கு வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போன்னுட்டார். எப்படியும் ஆறு மணி நேரம் ஆகும்."

அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு விடுமுறை. அவன் ஊருக்குப் போகிறவன். அவள் அடுத்த வாரத்துத் தாள் ஒன்றை எடுத்து, புதன்கிழமைக்கு நேரே ஆறு மணி நேரம் என்று எழுதினாள். "இந்த வாரத் தாள்ல வெள்ளிக்கிழமை வேலை இல்லைன்னு போட்டிருக்கேன், அதுல ஒரு கையெழுத்து. அடுத்த வாரத் தாள் இது, இதுலயும் ஒண்ணு. தேதி இன்னிக்குத் தேதியே போடு." அவன் இரண்டிலும் கையெழுத்துப் போட்டான். முதல் தாள் நான்கு மணிக்குக் கணக்குப் பிரிவுக்குப் போனது. இரண்டாவது தாளை அவள் மேசை டிராயரில் வைத்தாள். இதைப் போல ஆயிரம் தடவை செய்திருக்கிறாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றேகாலுக்கு, ஆய்வகத்தில் நெட்டையன் கையிலிருந்த கண்ணாடிக் குடுவை வெடித்தது. வலது கை நடுவிரலும் மோதிர விரலும் அடியோடு கிழிந்து, நரம்பு அறுந்துபோனது.

அவளுக்குச் சேதி வந்தபோது ஐயோ பாவம் என்றுதான் முதலில் பதறினாள். தன் கை இதில் எங்கே பட்டிருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு படிவம் மேசைக்கு வந்தபிறகுதான் அது தெரிந்தது.

வேலை நேரத்தில் உதவியாளருக்கு அடிபட்டால் மருத்துவச் செலவு பல்கலைக்கழகத்தினுடையது. குணமாகும்வரை சம்பளமும் உண்டு. அதற்கான படிவம் அது. பதினான்கு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஏழாவது கட்டத்தில் ஒரே ஒரு கேள்வி: விபத்து நடந்த நேரத்தில் உதவியாளர் பணியில் இருந்தாரா? டைம்ஷீட்டைப் பார்த்து அதை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான். டைம்ஷீட்டில் வெள்ளிக்கிழமைக்கு நேரே அவள் கையெழுத்திலேயே இருந்தது: பணி இல்லை.

கணக்குப் பிரிவுக்குப் போன தாளை மாற்ற முடியாது. அந்தத் தாளின்படி அவன் வேலையில்லாத நாளில், சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வகத்துக்குள் நுழைந்து கையைக் கிழித்துக்கொண்டவன். மிஞ்சுகிற மணியை இடம் மாற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை என்று பதினொரு வருஷமாக நினைத்திருந்தாள். மணி நேரத்தோடு ஒரு ஆளும் அந்த இடத்தில் நிற்கிறான் என்பது அவளுக்குத் தோன்றாமலே போயிருந்தது.

பேராசிரியரிடம் படிவத்தைக் கொண்டுபோனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தாள்ல என்ன இருக்கோ அதை எழுதுங்க."

"தாள்ல இருக்கறது நிஜமில்லையே சார். நீங்கதானே வெள்ளிக்கிழமை வரச் சொன்னீங்க?"

"மேடம், நான் எதையும் கேட்டதில்ல, நீங்களும் எதையும் சொன்னதில்ல. அது அப்படியே இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் நல்லது."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வேலை முடிந்து வந்து, கையில் கிரீஸோடு எதிரில் நின்றான்.

"என்ன பாப்பா, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்க?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டிராயரில் இருக்கிற இரண்டாவது தாளையும் சொன்னாள். அண்ணன் கேட்ட முதல் கேள்வி இது: "அந்தத் தாளை வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப கிழிச்சுப் போடு. நோட்டை எடுத்துட்டு வா, நான் அடுப்புல வெக்கறேன். நீ ஒரு காசு எடுத்தியா? யாரையாவது ஏமாத்தினியா? எல்லாருக்கும் நல்லது பண்ணப் போயி நீ எதுக்கு மாட்டணும்?"

"அந்தத் தாள்ல வியாழக்கிழமை தேதியில அவன் கையெழுத்து இருக்குண்ணா. வெள்ளிக்கிழமை வேலை இருக்குன்னு முன்னாடியே பேசினதுக்கு உலகத்துல வேற ஒரு அத்தாட்சியும் இல்ல. அதையும் கிழிச்சுட்டா அவன் பொய் சொல்றான்னு ஆயிடும்."

"யாரோ பெத்த பிள்ளை..."

"என்னங்க இது?" என்று அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். "நீங்க லிப்ட் குழியில இறங்கியிருக்கறப்போ ஆபீஸ்ல உங்களுக்கு அன்னிக்கு லீவுன்னு எழுதியிருந்தா, நான் யாரைப் போய்க் கேக்கறது?"

அண்ணன் கை கழுவப் போனான். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, "வேலை போயிடுமா பாப்பா?" என்று மட்டும் கேட்டான்.

"போயிடும்ணா."

அவன் அன்று சொன்னது சரியான யோசனை இல்லை. அதை அவனே பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறான்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆறு கட்டில் போட்ட அறை. நெட்டையனின் கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வலது கை முழங்கை வரை கட்டு. அவளைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"படுடா."

"மேடம், அந்த ஆறு மணி நேரம் புதன்கிழமைல இருக்குல்ல? நான் நாலு மணி நேரந்தான் பாத்தேன். மீதியைக் குறைச்சுடுங்க. அப்புறம் உங்களுக்குப் பிரச்னை."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படிவத்தின் ஏழாவது கட்டத்தைப் பற்றி அவனிடம் சொன்னாள்.

"இன்னும் ரெண்டு ஆபரேஷன் இருக்காம். அப்பாவுக்கு இன்னும் சொல்லல. வேலை நேரத்துல பட்டது, பல்கலைக்கழகம் பாத்துக்கும்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்றான். கொஞ்சம் கழித்து, "நீங்க சொன்னா உங்க வேலை போயிடுமே மேடம்" என்றான்.

"அது என் பாடு."

"மத்தவங்களுக்கும் இனிமே மணி தள்ளிப்போட முடியாது. என்னைத்தான் திட்டுவாங்க."

"திட்டட்டும். ஆறடி இருக்கியே, தாங்க மாட்டியா?"

அவன் சிரித்தான். கை அசைந்து வலித்திருக்க வேண்டும், சிரிப்பு பாதியில் நின்றது.

அன்று மத்தியானமே இரண்டாவது தாளையும் பன்னிரண்டு நோட்டுகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கணக்கு அதிகாரியின் அறைக்குப் போனாள். நிதானமான மனிதர். ஒவ்வொரு நோட்டாகப் புரட்டினார். பக்கங்கள் அச்சடித்ததுபோல் இருந்தன. ஒரு இடத்தில் கூட அடித்தல் திருத்தல் இல்லை.

"என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமா எழுதின கணக்கைப் பாத்ததில்லம்மா. இதுக்காக உங்களை வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருக்கு" என்றார்.

"தெரியும் சார். அவனுக்குக் கிடைச்சிடுமா?"

அவர் அந்த ஒற்றைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ஆறு மணி நேரத்தை முன்கூட்டியே தள்ளி வெச்சதைக் காட்டுது. ஆனா வெள்ளிக்கிழமை அந்தப் பையன் வேலைக்காகத்தான் வந்தான்னு சொல்ல, வரச் சொன்ன ஆள் எழுதிக் குடுக்கணும். பேராசிரியர் ஒரு வரி எழுதட்டும், நான் போட்டுடறேன். அது இல்லாம உங்க நோட்டு உங்களுக்கு எதிராத்தான் செல்லும், அவனுக்காகச் செல்லாது."

பதினான்கில் ஐந்து நாள் போயிருந்தது. பேராசிரியர் இரண்டு நாள் கூட்டத்தில் இருந்தார், ஒரு நாள் வெளியூரில் இருந்தார். அவள் அவர் அறை வாசலில் பெஞ்சில் காத்திருந்தாள். போகிற வருகிற உதவியாளர்கள் அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். விஷயம் கசிந்துவிட்டது. "நல்லாத்தான் போயிட்டிருந்தது" என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. பதினோராவது நாள் பேராசிரியர் உள்ளே கூப்பிட்டார்.

"நான் எழுதித் தர்றேன் மேடம். எனக்கும் அந்தப் பையன்மேல இரக்கம் இல்லாம இல்ல. ஆனா இத்தனை வருஷமா மணி மாத்தினது எனக்குத் தெரியாது, நீங்களாப் பண்ணதுன்னு நீங்க ஒரு கடிதம் குடுக்கணும்."

"உங்களுக்குத் தெரியும் சார்."

"எப்படியும் உங்க வேலை போகத்தான் போகுது. என்னுதும் சேர்ந்து போகணுமா?"

அவள் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விடைத்தாள் கட்டுகள் அதன்மேல்தான் அடுக்கியிருக்கும். மணியை இடம் மாற்றியிருக்கிறாளே தவிர, நடக்காத ஒன்றை நடந்ததாக அவள் எழுதியதில்லை. அப்படித்தான் அவள் தன்னிடமே சொல்லிவந்தாள். இப்போது எழுத வேண்டியது அப்பட்டமான பொய். எழுதாவிட்டால் மூன்று நாளில் படிவம் செல்லாது.

"பேப்பர் குடுங்க சார்" என்றாள்.

நான்கு வரி. துறைத் தலைவருக்குத் தெரியாமல், என் சொந்தப் பொறுப்பில். எழுத்து எப்போதும்போல் வரிசையாக விழுந்தது. அவர் படித்துப் பார்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் தன் பேனாவைத் திறந்தார்.

இரண்டு கடிதங்களும் கணக்கு அதிகாரியின் மேசைக்குப் போயின. அவர் அவளுடையதை எடுத்து, "இது உண்மையாம்மா?" என்று கேட்டார்.

"கையெழுத்து என்னோடதுதான் சார்."

அவர் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். ஏழாவது கட்டத்தில் "ஆம்" என்று அவளே எழுதினாள். அந்த அலுவலகத்தில் அவள் கடைசியாக எழுதிய சொல் அது.

நெட்டையனுக்கு இரண்டு ஆபரேஷனும் பல்கலைக்கழகச் செலவிலேயே நடந்தன. ஐந்து மாதச் சம்பளமும் வந்தது. ஆனாலும் அந்த இரண்டு விரல்களும் மடங்கவில்லை. குடுவையைப் பிடிக்க முடியாதவனை ஆய்வகத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பாதிப் படிப்போடு ஊருக்குப் போனான். போகும்போது அவள் வீட்டுக்கு வந்து, நிலையில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து நுழைந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். அண்ணி கொடுத்த டம்ளரை இடது கையால் வாங்கினான். அண்ணன் அவன் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

அவளுக்குக் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை கிடைத்தது. முந்தைய வேலையை ஏன் விட்டாய் என்று மூன்று இடத்தில் கேட்டு, மூன்று இடத்திலும் வேண்டாம் என்றார்கள். மருந்துக்கடைக்காரர் கேட்கவில்லை. காலை ஒன்பதுக்குப் போனால் ராத்திரி எட்டாகும். அங்கே யாரும் யாருடைய நேரத்தையும் எழுதுவதில்லை. முதல் மாதம் அவள் பழக்கதோஷத்தில் நாள்காட்டியில் பென்சிலால் குறித்து வந்தாள். வாரத்துக்கு அறுபத்தாறு. இரண்டாவது மாதம் விட்டுவிட்டாள். அண்ணன் மட்டும் இன்னும் லிப்டில் அவளைப் பற்றிப் பேசுகிறான். என்ன வேலை என்று யாராவது கேட்டால்தான் அடுத்த மாடியில் இறங்கிக்கொள்கிறான்.

போன வாரம் ஒரு பெண் சீட்டை நீட்டினாள். மண்ணியல் துறையில் உதவியாளர். தடிக்கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோரும் சோடாபுட்டி என்று கூப்பிடுவார்கள்.

"மேடம்! நீங்க இங்கயா?"

"என்னடி, தலைவலி மாத்திரை இத்தனை? கண்ணாடியை மாத்திப் பாரு."

"கண்ணு இல்ல மேடம், விடைத்தாள். இப்பல்லாம் இருபதுக்கு மேல எழுதவே விடறதில்ல. ஆனா கட்டு மட்டும் அதேதான் வருது. போன மாசம் எனக்குப் பதினேழு மணி நேரம் அப்படியே போச்சு. சார்கிட்ட சொன்னா, 'புது விதி, நான் என்ன பண்றது'ங்கறார்." அவள் மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பேசாம இருந்திருக்கலாம் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. அவன் பாவந்தான். இருந்தாலும் நாங்க நாப்பத்தஞ்சு பேர் இருக்கோம்ல?"

"இருக்கீங்க" என்றாள் அவள்.

"எங்கயாவது எழுதியாவது வெச்சுக்கவா மேடம், அந்தப் பதினேழை?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "எழுதிக்கோ. ஆனா எந்த நாளோ அந்த நாள்லயே எழுது" என்றாள். மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். பின்னால் நின்றவர் தன் சீட்டை நீட்டினார்.